ஹரிக்கேன் சீசனில் குடும்பத்தோடு கரீபியன் கப்பல் பயணம்: மும்பைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அப்பா, செப்டம்பர்ல வாங்களேன். மயாமியிலிருந்து ஏழு ராத்திரி கரீபியன் குரூஸ். டிசம்பர் ரேட்டோட பார்த்தா எவ்வளவோ கம்மி. அம்மாவுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்." எடிசனிலோ டாலஸிலோ பெண்ணோ பிள்ளையோ இருக்கிற செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு வீடுகளுக்கு இப்படி ஒரு போன் என்றைக்காவது வரத்தான் செய்கிறது. அந்த ரேட் ஏன் இறங்கியது என்று விசாரித்தால் பதில் ஒன்றுதான். அட்லாண்டிக் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிக்கேன் சீசன், செப்டம்பர் அதன் உச்சம்.

அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தாராளமாகப் போகலாம். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வெப்பமண்டலக் கடலில் ஒரு புயல் பொதுவாக மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய பயணிகள் கப்பல் மணிக்கு 37 முதல் 40 கிலோமீட்டர் ஓடும். புயல் எங்கே போகிறது என்பது கப்பல்காரர்களுக்குச் சில நாட்கள் முன்பே தெரிந்துவிடுவதால் விலகிப் போய்விடுவார்கள். விமான நிலையத்தாலும் துறைமுகத்தாலும் விலகிப் போக முடியாது. 2021 மே மாதம் டவ்தே புயல் கரையோரமாகப் போனபோது நம் மும்பை விமான நிலையம் பகல் முழுக்க மூடிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். அதே கதைதான் அங்கேயும். நடுக்கடலைப் பற்றிய கவலையைக் கேப்டனிடம் விட்டுவிட்டு, பயணத்தின் இரண்டு நுனிகளையும் கெட்டியாகக் கட்டுவதுதான் நம் வேலை. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

சீசன் ஆறு மாதம் என்றாலும் ஆபத்து ஆறு மாதமும் ஒரே மாதிரி இல்லை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் நெருக்கடி, அதிலும் செப்டம்பர் 10-ஐ ஒட்டிய நாட்கள் உச்சம். 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி ஒரு சீசனுக்குப் பெயர் சூட்டப்படும் புயல்கள் 14. அவற்றில் மணிக்கு 119 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசி ஹரிக்கேன் ஆவது 7, பெரிய ஹரிக்கேன் ஆவது 3. எல்லாமே கரீபியன் பக்கம் வருவதில்லை, பாதி வழியில் வடக்கே திரும்பிக் கடலிலேயே கரைந்து போவதும் நிறைய.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் மும்பைக் கணக்கு வேறு. நம் ஊர்க் கோடை விடுமுறை பெரும்பாலான பள்ளிகளில் ஜூன் நடுவில் முடிகிறது. அதனால் ஜூன் முதல் இரண்டு வாரம் என்பதுதான் என் முதல் தேர்வு. சீசன் தொடங்கியிருக்கும், ஆனால் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். "பெரும்பாலும்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 2024-ல் பெரில் புயல் ஜூலை 2-ஆம் தேதியே ஹரிக்கேன் நிலைகளில் மிக உச்சமான ஐந்தாம் நிலையைத் தொட்டது, அட்லாண்டிக் பதிவுகளில் அவ்வளவு சீக்கிரம் எந்தப் புயலும் அந்த நிலைக்குப் போனதில்லை. கணபதி விடுமுறையை விட்டுவிடுங்கள். நாலைந்து நாளில் அமெரிக்கா போய் இறங்கி ஜெட் லாக் தெளிவதற்குள் திரும்ப வேண்டியிருக்கும், அதுவும் உச்ச சீசனில்.

தீபாவளி விடுமுறை நல்ல வாய்ப்பு. 2026-ல் தீபாவளி நவம்பர் 8. அந்த நேரத்தில் புயல்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் தீபாவளி அக்டோபரிலேயே வந்துவிடும் வருடங்களில் அலட்சியம் கூடாது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா ஜமைக்காவில் கரையேறியது ஐந்தாம் நிலை ஹரிக்கேனாக.

செப்டம்பர் மலிவு பற்றி ஒரு வார்த்தை. நியூஜெர்சியில் இருக்கிற பெண்ணுக்கு அது மலிவுதான், வீட்டிலிருந்து துறைமுகம் வரை காரில் போய்விடுவாள். மும்பையிலிருந்து நான்கு பேர் கிளம்பினால் மொத்தச் செலவில் பெரும் பங்கு விமான டிக்கெட். கப்பலில் மிச்சம் பிடித்ததைக் கூடுதல் ஹோட்டல் இரவுகளும் தேதி மாற்றும் கட்டணமும் விழுங்கிவிடும். குரூஸுக்காக மட்டும் செப்டம்பரில் கிளம்புவது எனக்கு லாபமாகத் தெரியவில்லை. எப்படியும் பெண்ணைப் பார்க்கப் போகிறோம், நடுவில் ஒரு வாரம் கப்பல் என்றால் கணக்கு சரியாக வரும்.

கிழக்கா, மேற்கா, தெற்கா?

கரீபியன் என்று ஒரே பெயரில் விற்றாலும் பாதைகள் மூன்று. கிழக்கு என்றால் புவேர்ட்டோ ரிக்கோ, செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். மேற்கு என்றால் ஜமைக்கா, கேமன் தீவுகள், மெக்சிகோவின் கோசுமெல். தெற்கு என்றால் அரூபா, பொனேர், குராசாவ்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வலுவான புயல்கள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய அலைகளிலிருந்து பிறந்து அட்லாண்டிக்கைக் கடந்து வரும். அவை முதலில் முட்டுவது கிழக்குத் தீவுகளில். 2017 செப்டம்பரில் இர்மா செயின்ட் மார்ட்டினையும் செயின்ட் தாமஸையும் சிதைத்தது, இரண்டே வாரத்தில் மரியா டொமினிக்காவையும் புவேர்ட்டோ ரிக்கோவையும் புரட்டிப் போட்டது. அக்டோபர், நவம்பரில் நிலைமை மாறும். அப்போது புயல்கள் மேற்குக் கரீபியன் கடலிலேயே பிறந்து கியூபா, மெக்சிகோ, ஃப்ளோரிடா பக்கம் ஏறும். 2005 அக்டோபரில் வில்மா கோசுமெலை அடித்தது அப்படித்தான்.

ஆக, ஆகஸ்ட் செப்டம்பரில் மேற்குப் பாதை, அக்டோபர் நவம்பரில் கிழக்குப் பாதை என்று எடுப்பது என் கணக்கு. அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே, வெனிசுவேலாவை ஒட்டி இருப்பதால் எந்த மாதத்திலும் ஓரளவு நிம்மதி. ஆனால் அங்கே போகும் கப்பல்களில் நாட்கள் கூடும், கடலிலேயே கழியும் பொழுதும் கூடும். சின்னக் குழந்தைகள் இருந்தால் யோசியுங்கள்.

இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும், கிழக்கு என்று வாங்கிய டிக்கெட் கடைசி நேரத்தில் மேற்கு ஆகலாம். "செயின்ட் தாமஸ் பீச்சைப் பார்த்தே ஆகணும்" என்று மனதில் வைத்துக்கொண்டு இந்த சீசனில் கப்பல் ஏறாதீர்கள். கப்பல் பிடித்திருக்கிறதா, அதிலேயே ஏழு நாள் இருந்தாலும் பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா என்று பார்த்து வாங்குங்கள். நீச்சல் குளம், சறுக்கு, நாடக அரங்கு, குழந்தைகள் கிளப் எல்லாம் உள்ள கப்பலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் இந்த மாதங்களில் தகும்.

எங்கே ஏறுவது

மயாமியும் அதற்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிற ஃபோர்ட் லாடர்டேலும் வசதி. இரண்டும் அருகருகே இருக்கின்றன, இரண்டுக்கும் விமான நிலையம் உண்டு. டாம்பா மெக்சிகோ வளைகுடாப் பக்கம், குடாவுக்குள் வெகு தூரம் உள்ளே தள்ளி இருக்கிறது. 2024 அக்டோபரில் மில்டன் புயலின்போது டாம்பா, போர்ட் கனாவரல் இரண்டும் மூடப்பட்டு, கப்பல்கள் கூடுதல் நாட்கள் கடலிலேயே இருக்க நேர்ந்தது.

துறைமுகத்தை மூடுவது கப்பல் நிறுவனம் இல்லை, அமெரிக்கக் கடலோரக் காவல் படை. பலத்த காற்று வந்து சேர 72 மணி நேரம், 48, 24, 12 என்று நான்கு கட்டங்களாக அறிவிப்பார்கள். அவற்றுக்கு விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஜூலு என்று பெயர். ஜூலு என்றால் துறைமுகம் மூடியாயிற்று. செய்தியில் யாங்கி என்று கேட்டாலே ஹோட்டலை நீட்டிக்கும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

நியூஜெர்சியில் பெண் இருந்தால் பேயோனில் உள்ள கேப் லிபர்ட்டி துறைமுகம் மிகவும் இழுக்கும். உள்ளூர் விமானமே தேவையில்லை, மாப்பிள்ளை காரில் கொண்டு விட்டுவிடுவார். நானும் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன், ஆனால் அதில் ஒரு விசா சிக்கல் இருக்கிறது.

விசா: மாற்றுப் பாதைக்கும் சேர்த்து

அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல் வெளிநாட்டைத் தொட்டுத் திரும்பும்போது நீங்கள் மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைகிறீர்கள். அதனால் பி1/பி2 விசா பல முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். நமக்குக் கொடுக்கும் பத்து வருட விசா வழக்கமாக அப்படித்தான் இருக்கும், இருந்தாலும் விசாவில் உள்ள வரியைப் படித்துவிடுங்கள். புதிதாக எடுக்க வேண்டுமென்றால் பிகேசி தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். விசா கைக்கு வராமல் குரூஸுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள்.

இப்போது அந்தச் சிக்கல். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி அங்கேயே திரும்ப இறக்க வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும் என்று அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பெரும்பாலான குரூஸ் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற வெளிநாட்டுக் கொடிகளோடு ஓடுகிறவை. பேயோனிலிருந்து பெர்முடாவுக்குப் புறப்படும் கப்பலின் பாதையில் புயல் வந்தால் அதை வடக்கே பாஸ்டன், கனடா பக்கம் திருப்புவதுண்டு. பாஸ்டன் மட்டும் போதாது, அந்தச் சட்டத்துக்காகக் கனடாவையும் தொட வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பேரன் ஹாலிஃபாக்ஸில் இறங்கிச் சுற்றிவிட்டு வருவான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும்.

ஆகவே டிக்கெட் போடும்போது ஏஜெண்டிடம் இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். இந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும்? பாதை மாறினால் வழக்கமாக எங்கே போவார்கள், அங்கே என்ன வேண்டும்? முதல் கேள்விக்கு எல்லா ஏஜெண்டும் பதில் வைத்திருப்பார். இரண்டாவதற்குத் தடுமாறினால் நேராகக் கப்பல் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் போடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

புயலுக்குப் பயந்து தெற்கே போகிறவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இது. தெற்குப் பாதைகள் சிலவற்றில் கொலம்பியாவின் கார்த்தஹேனா, பனாமாவின் கொலோன், டிரினிடாட் வரும். இவை மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்தில் தனிமைப்படுத்துவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் விலக்கு.

மும்பையில் இந்த ஊசியை அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். துறைமுகச் சுகாதார அலுவலகமும் விமான நிலையச் சுகாதார அலுவலகமும் அவற்றில் அடக்கம். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்து சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்க. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியால் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் தாத்தா பாட்டிக்குக் குடும்ப டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். அவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. குரூஸ் முடிந்து பெண் வீட்டில் ஒரு பத்து நாள் தங்கிவிட்டு வந்தால் அந்த ஆறு நாள் கணக்குத் தானாகத் தீர்ந்துவிடும். கப்பல் நிறுவனமே ஏறும்போது சான்றிதழ் கேட்குமா என்பதை மட்டும் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டைப் போடும் முறை

மும்பையிலிருந்து மயாமிக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ நியூயார்க் பக்கம் இறங்கியோ போக வேண்டும். எந்த வழியானாலும் மும்பையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். நடுவில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று நியூயார்க் வரை ஒன்று, அங்கிருந்து மயாமிக்கு வேறொன்று என்று துண்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி கையை விரித்துவிடும்.

கப்பல் கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே துறைமுக ஊரில் இருங்கள். ஹோட்டலை மயாமி பீச்சில் போடாமல் விமான நிலையப் பக்கம், கரையிலிருந்து உள்ளே தள்ளிப் போடுங்கள். புயல் நெருங்கினால் கடற்கரைப் பகுதியைத்தான் முதலில் காலி செய்யச் சொல்வார்கள், அந்த நேரத்தில் ஊர் முழுக்க அறை தேடும்.

திரும்பும் டிக்கெட்தான் இன்னும் முக்கியம். கப்பல் காலை ஏழு மணிக்கு வந்துவிடும், மதியம் விமானம் பிடித்துவிடலாம் என்று ஏஜெண்ட் சொல்வார். டிசம்பரில் சரி. இந்த மாதங்களில் கப்பல் இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் இந்தியா திரும்பும் விமானம் தப்பாதபடி இருக்க வேண்டும். பெண் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கி, அங்கிருந்து மும்பைக்குக் கிளம்புவது மாதிரி அமைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. கிளம்பியே ஆக வேண்டும் என்றால், கூடுதல் பணம் கொடுத்தாவது தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாக வாங்குங்கள். புயல் நேரத்தில் விமானக் கம்பெனிகள் மாற்றுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதுண்டு. ஆனால் அது ஊர் விமான நிலையம் பாதிக்கப்படும்போது. உங்கள் கப்பல் நடுக்கடலில் சுற்றிக்கொண்டிருப்பது அவர்கள் கணக்கில் வராது.

இன்சூரன்ஸ்: எப்போது வாங்குகிறீர்கள் என்பதே முக்கியம்

புயலுக்குப் பெயர் வைத்த பிறகு பாலிசி எடுத்தால் அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பணம் வராது. தெரிந்த ஆபத்து என்று தள்ளிவிடுவார்கள். அதனால் குரூஸுக்கு முன்பணம் கட்டிய அந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

நம் ஊர் டிராவல் பாலிசிகள் பலவற்றில் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தாராளமாக இருக்கும், பயணம் ரத்தானால் தருவது சொற்பமாக இருக்கும். ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு பக்க விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் முழுப் பாலிசிப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். இயற்கைச் சீற்றத்தால் பயணம் ரத்தானாலும் பாதியில் நின்றாலும் எவ்வளவு தருவார்கள், எந்தெந்த நிபந்தனையில்? தாமதத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்துப் பணம் ஓடத் தொடங்கும்? கப்பல் பயணம் பாலிசியில் அடக்கமா? கப்பலிலிருந்து கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா? பெற்றோருக்கு ஏற்கனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறுக்கு என்ன சொல்கிறார்கள்? கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் இலவசம் இல்லை. பில் டாலரில் உங்கள் அறைக் கணக்கில் ஏறும், பிறகு நீங்கள்தான் இன்சூரன்ஸில் கேட்டு வாங்க வேண்டும்.

கப்பல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் ஒரு முறை பாருங்கள். வானிலை காரணமாக ஒரு துறைமுகத்தைத் தொடாமல் விட்டால், மாற்றினால், நஷ்டஈடு கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருப்பார்கள். விட்ட துறைமுகத்தின் வரியும் கட்டணமும் திரும்ப வரும், அவ்வளவுதான். கப்பல் மூலம் முன்பதிவு செய்த கரைச் சுற்றுலாவுக்குப் பணம் தானாகத் திரும்பும், வெளியே மலிவாகப் பிடித்த டாக்ஸிக்காரரிடம் போன முன்பணம் அவர் மனசைப் பொறுத்தது. நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் முழுப் பணம் வரும். நீங்களாகப் பயந்து ரத்து செய்தால் கிளம்பும் தேதி நெருங்க நெருங்க அவர்கள் பிடித்துக்கொள்ளும் தொகை கூடிக்கொண்டே போகும். டிவியில் சுழலும் மேகத்தைப் பார்த்த பதற்றத்தில் போன் செய்து கேன்சல் செய்யாதீர்கள். கடைசிவரை பொறுத்தால் அவர்களே ரத்து செய்ய வாய்ப்பிருக்கிறது.

கேபினும் வயிறும்

புயல் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அது கிளப்பிய அலை கப்பல் வரை வந்து சேரும். வானம் பளிச்சென்று இருக்கும், கப்பல் மட்டும் ஆடும். ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியிலும் உயரத்தில் கீழ்த்தளங்களிலும். மேல்தளத்தில் முன்பக்கம் இருக்கும் பால்கனி அறை படத்தில் அழகாக இருக்கும், ஆடுவதும் அதுதான் அதிகம். வயதானவர்களுக்கு லிஃப்ட் பக்கத்தில் நடுக் கேபினாகக் கேட்டு வாங்குங்கள்.

யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது முன்பே தெரிய ஒரு வழி இருக்கிறது. மழை ஓய்ந்த மாதங்களில் பல்லார்டு பியரிலிருந்து கோவாவுக்குப் போகும் குரூஸில் குடும்பத்தோடு ஒரு சின்னப் பயணம் போய்ப் பாருங்கள். அங்கிருந்து கிளம்பும் கார்டீலியாவின் எம்ப்ரஸ் கப்பல், 1990-ல் கட்டப்பட்டு ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பல காலம் கரீபியனில் ஓடியதுதான்! இன்றைய ராட்சதக் கப்பல்களைவிட மிகச் சிறியது, அதில் தாக்குப் பிடித்த வயிறு மயாமிக் கப்பலில் பயப்பட வேண்டியதில்லை.

அவோமின் போன்ற மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை, முன்கூட்டியே போட வேண்டும். தூக்கம் வரும். குழந்தைகளுக்கும் வேறு மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கும் டாக்டரிடம் அளவு கேட்டு எழுதி வாங்குங்கள். மாட்டுங்காவில் கிடைக்கும் இஞ்சி மொரப்பாவும் ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும்.

பெட்டியில் என்ன

வழக்கமான மருந்துகளைப் பயண நாட்களுக்கு மேல் குறைந்தது பத்து நாளுக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கப்பல் திரும்பத் தாமதமானால் உங்கள் பிரஷர் மாத்திரை கப்பலில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புவார்கள், அதனால் பாஸ்போர்ட்டும் மருந்தும் ஒரு மாற்று உடையும் கையிலேயே இருக்கட்டும். ஈரத்தில் வழுக்காத செருப்பு, மடக்கும் மழைக்கோட்டு, ஒரு சீட்டுக்கட்டு. கடலிலேயே கழியும் நாளில் கிளப்பில் கூட்டம் நெரியும்போது பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டுக்கட்டு உதவும்.

எலக்ட்ரிக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டையும் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டில் செய்த சாப்பாட்டையும் விட மாட்டார்கள். கடையில் சீல் செய்த பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி பாக்கெட்டுகள் போகும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாது, பெண் எவ்வளவு கெஞ்சினாலும். சைவச் சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். முதல் நாள் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து சாதம், பருப்பு, கறி என்று ஏற்பாடு செய்துவிடுவார்கள். ரசம் எதிர்பார்க்காதீர்கள்.

தீபாவளியன்று கப்பலில் இருந்தால் கற்பூரம், ஊதுபத்தி, அகல் விளக்கு எதுவும் கூடாது, பாட்டரி விளக்குதான். ஆடுகிற கப்பலில், அந்தச் சின்னக் குளியலறையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் தவிர்ப்பது எலும்புக்கு நல்லது. தலையில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டால் போதும், கங்கை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கிளம்பும் வாரம்: வரைபடத்தைப் படிப்பது

யூடியூப் பேச்சாளர்களை விட்டுவிட்டு மயாமியில் உள்ள அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையத்தின் தளத்தை மட்டும் பாருங்கள். அடுத்த ஏழு நாளில் எங்கே புயல் உருவாகலாம் என்று வரைபடம் போடுவார்கள். மஞ்சள் என்றால் வாய்ப்பு 40 சதவீதத்துக்குக் கீழே, ஆரஞ்சு 40 முதல் 60, சிவப்பு அதற்கும் மேலே. புயல் உருவாகிவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை வரும். நம் நேரப்படி காலை 8.30, மதியம் 2.30, இரவு 8.30, பின்னிரவு 2.30. காலையிலும் இரவிலும் பார்த்தால் போதும், நடுராத்திரி எழுந்திருக்க வேண்டாம்.

அந்தப் படத்தில் கூம்பு மாதிரி விரிந்துகொண்டே போகும் வெள்ளைப் பகுதி புயலின் மையம் போகக்கூடிய பாதை. மூன்றில் இரண்டு முறை மையம் அதற்குள் இருக்கும், ஒரு முறை வெளியே போகும். புயலின் அகலத்தை அது காட்டாது. மயாமி கூம்புக்கு வெளியே இருக்கிறது என்றால் அங்கே மழையும் காற்றும் இல்லை என்று அர்த்தம் கிடையாது.

கப்பல் நிறுவனத்தின் செயலியில் உங்கள் அமெரிக்க எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து வையுங்கள். கிளம்பும் நேரம் மாறினால் தகவல் அதில்தான் வரும். பெண்ணின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

கப்பலில்

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். அவசரத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது அறை அட்டையில் அச்சாகியிருக்கும், குழந்தைகளுக்குக் கையில் பட்டை கட்டுவார்கள். பாட்டியையும் அழைத்துப் போய் அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள், படிக்கட்டு வழியாக. அவசரத்தில் லிஃப்ட் ஓடாது.

போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலின் செல் இணைப்பைத் தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் கண்ணைக் கட்டும். ஒரு போனுக்கு மட்டும் கப்பல் வைஃபை வாங்கி, தினம் ஒரு முறை மும்பைக்கு "சௌக்கியம்" என்று அனுப்பினால் போதும். இல்லையென்றால் டிவியில் புயல் செய்தியைப் பார்த்துவிட்டு மாமா, அத்தை எல்லோரும் பெண்ணைப் போட்டு வதைப்பார்கள்.

கடல் முரடாகப் போகிறது என்பது அறிவிப்புக்கு முன்பே தெரிந்துவிடும். மாடிப்படிக் கைப்பிடியிலும் லிஃப்ட் பக்கத்திலும் வாந்திக் காகிதப் பைகளைச் செருகி வைப்பார்கள். நீச்சல் குளத்தில் தண்ணீரை இறக்கி வலை கட்டுவார்கள். திறந்த தளங்களுக்குப் போகும் கதவில் கயிறு ஏறும். அப்போது நடுத்தளங்களில் உட்காருங்கள், எதையாவது கொஞ்சம் கொறித்துக்கொண்டே இருங்கள், வெறும் வயிறு ஆட்டத்தைக் கூட்டும். பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கேட்டால் கொடுப்பார்கள். பால்கனிக் கதவைக் குழந்தைகள் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதை மாறினால், திரும்ப நாளானால்

மதிய வேளையில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார், அறைக்கு ஒரு கடிதமும் வரும். கேட்டவுடன் கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் நூறு பேர் வரிசை கட்டிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அங்கே நிற்பவருக்குப் பாதையை மாற்றும் அதிகாரம் கிடையாது. நீங்கள் அந்த நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். பெண்ணுக்குச் செய்தி அனுப்பி விமானக் கம்பெனியைக் கூப்பிடச் சொல்லுங்கள், கரையிலிருந்து கூப்பிடுவது மலிவும் சுலபமும். மும்பை இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லி ஒரு பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை எண்ணிப் பாருங்கள், குறைகிறது என்றால் கப்பல் டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள், கடைசி மாத்திரை வரை காத்திருக்காதீர்கள்.

கூடுதல் நாட்களில் சாப்பாடும் அறையும் அவர்கள் பொறுப்பில்தான் வழக்கமாக இருக்கும், ஆனால் மது, வைஃபை, டிப்ஸ் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரையில் ஹோட்டலோ டாக்ஸியோ எடுத்தால் ஒவ்வொரு ரசீதையும் போனில் படம் பிடித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜை இந்தியாவிலிருந்து வாங்கும்போது ஏஜெண்ட் முன்கூட்டியே பிடித்த வரியான டிசிஎஸ் தொகை தனி. பயணம் ரத்தானாலும் நடந்தாலும் அதை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், அந்தச் சான்றிதழை ஏஜெண்டிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பு, கவுன்டரில் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் வானிலையால் விடப்பட்டது, கப்பல் எப்போது திரும்பியது என்று நிறுவனத்தின் தலைப்புத்தாளில் ஒரு கடிதம் கேளுங்கள். கிளெய்முக்கு இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அங்கேயே கேட்டால் அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்கள். செம்பூர் வந்து சேர்ந்த பிறகு மின்னஞ்சலில் கேட்டால் வாரக்கணக்கில் பதில் வராமல் இழுத்தடிக்கும்.